கொலாஜன் டின்னின் பின்பக்கம்

ஊர் வட்ஸ்அப் குழுக்களில் இப்போது கொலாஜன் பவுடர் வியாபாரம்தான். முகம் பளபளக்குமாம், முழங்கால் வருத்தம் போகுமாம். நாங்களும் உம்மாவுக்கு ஒரு டின் வாங்கினோம். பாதி முடிந்த பிறகுதான் பின்பக்கம் பார்த்தோம்: எதிலிருந்து எடுத்தது என்று போடவே இல்லை.

கொலாஜன் மாட்டுத் தோலிலிருந்தும் வரும், மீன் செதிலிலிருந்தும் வரும், பன்றித் தோலிலிருந்தும் வரும். பிஸ்கட்டுக்கு ஹலால் இலச்சினை தேடும் நாம் இதை ஏன் கேட்பதில்லை? விற்பவருக்கே தெரியாவிட்டால் வாங்காதீர்கள். குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது; இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கவனம்.

குடிக்கும் கொலாஜன் நேரே முழங்காலில் போய் ஒட்டாது. மற்றப் புரதம் போலவே செரித்து உடையும். உடம்பு தானாகக் கொலாஜன் செய்ய விற்றமின் சி வேண்டும். அது வளவுக் கொய்யாவிலேயே இருக்கிறது. உம்மாமாரின் முழங்காலை முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.