சிமெண்டுச் சூளைக்கு ஓர் இரட்டைப் பிள்ளை!

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். பழைய திருச்சி மாவட்டத்தில் இருந்து 1995-ம் ஆண்டில் பெரம்பலூர் பிரிந்தது. அதில் இருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. மறு ஆண்டே இரண்டும் மீண்டும் சேர்ந்தன. 2007-ல் அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆனது.

இரண்டுக்கும் ஒரே சொத்து உண்டு. அது மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த சிப்பிகளும் சிற்றுயிர்களும் மடிந்து படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில், கல்லாகிப்போன அடிமரம் ஒன்றை இன்றும் காணலாம். அதன் நீளம் சுமார் 60 அடி!

அந்தச் சுண்ணாம்புக்கல்தான் அரியலூரைச் சிமெண்டு நகரம் ஆக்கியது. அரசின் சிமெண்டு ஆலை 1979-ல் இங்கே தொடங்கியது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன.

இப்போது சிமெண்டுத் தொழிலில் ஒரு புதுமை நுழைந்து இருக்கிறது. அதன் பெயர் "டிஜிட்டல் ட்வின்". தமிழில் சொன்னால், கம்ப்யூட்டர் இரட்டை.

அது என்ன?

மார்கழியில் பெண்கள் கோலத்தை முதலில் நோட்டில் போட்டுப் பார்ப்பார்கள். புள்ளி தவறினால் அங்கேயே அழித்துத் திருத்துவார்கள். பிறகுதான் வாசலுக்கு வருவார்கள்.

கம்ப்யூட்டர் இரட்டையும் அப்படித்தான். ஆலையில் உள்ள எந்திரத்தைப் போலவே இன்னொன்றைக் கம்ப்யூட்டருக்குள் கணக்காக உருவாக்குகிறார்கள். எதையும் முதலில் அதில் செய்து பார்க்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வாசலில் நடப்பது நோட்டுக் கோலத்துக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இரட்டைக்குத் தெரியும்! எந்திரத்தில் பொருத்திய கருவிகள், சூடு, அழுத்தம், வேகம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

உயிர் காத்த யோசனை

இந்த யோசனைக்கு விதை விழுந்தது விண்வெளியில்.

1970 ஏப்ரலில் அமெரிக்காவின் அப்போலோ 13 விண்கலம் சந்திரனுக்குப் புறப்பட்டது. அதில் 3 வீரர்கள் இருந்தார்கள். பூமியில் இருந்து 2 லட்சம் மைல் தூரத்தில், பிராண வாயுத் தொட்டி வெடித்தது! மின்சாரம் குறைந்தது. வீரர்கள் தவித்தார்கள்.

அந்த விண்கலத்தைப் போலவே, பயிற்சிக்காகச் செய்த மாதிரிக் கலம் பூமியில் இருந்தது. என்ஜினீயர்கள் வழிமுறைகளை அதில் செய்து பார்த்தார்கள். சரிப்பட்டதை மேலே சொல்லி அனுப்பினார்கள். 3 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அது நிஜ எந்திர மாதிரி. அதையே கம்ப்யூட்டருக்குள் செய்யலாம் என்ற கருத்தை, 2002-ம் ஆண்டில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எடுத்துச் சொன்னார்.

நெருப்பின் நடுவே

சிமெண்டு ஆலைக்கு இது ஏன் வேண்டும்?

ஆலையின் உயிர் அதன் சூளை. படுக்க வைத்த ராட்சத இரும்புக் குழாய் அது. சற்றே சாய்ந்தபடி மெல்லச் சுழலும். உள்ளே சுண்ணாம்புக்கல் தூள் 1,450 டிகிரி வரை காயும். இரும்பு உருகுவதற்கு அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல் சூடு வேண்டும்!

அங்கே கையை விட்டுப் பார்க்க முடியுமா? அனுபவசாலியான தொழிலாளி, நிறக் கண்ணாடி வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லுவார். இப்போது கருவிகளும் சொல்லுகின்றன. "நிலக்கரியை இவ்வளவு குறைத்தால் என்ன ஆகும்? சூளைக்குள் பதித்த கல் தேய்ந்துவிட்டதா?" என்று இரட்டையைக் கேட்கலாம். சூளைக்கு ஆபத்து இல்லாமல் விடை கிடைக்கும்.

நிலக்கரி மிச்சமானால் புகையும் குறையும். இது சின்ன விஷயம் அல்ல. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், கல்லில் இருந்தே 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. நிலக்கரியின் புகை அதற்கு மேல்!

ஆகவே கம்ப்யூட்டர் இரட்டை வரட்டும். வரவேற்போம்.

மதிலுக்கு வெளியே?

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. எதை அளக்கிறோமோ, அது மட்டுமே அதற்குத் தெரியும்.

சூளையின் சூடு அதற்குத் தெரியும். கொடியில் காயும் துணியில் படியும் தூசு தெரியாது. எத்தனை டன் கல் வந்தது என்பது தெரியும். அந்த லாரிகளுக்கு ஒதுங்கி, சைக்கிளில் பள்ளிக்குப் போகும் சிறுமியைத் தெரியாது. சுரங்கத்தின் ஆழம் தெரியும். பக்கத்து வயல் கிணற்றின் ஆழம் தெரியாது.

தெரியாததால் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆலைகளின் புகைபோக்கியில் இடைவிடாமல் அளக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ம் ஆண்டிலேயே உத்தரவிட்டது. புகைபோக்கியில் அளக்க முடியும் என்றால், பள்ளிக்கூட வாசலில் முடியாதா? கிணற்றில் முடியாதா? லாரிகளை எண்ண முடியாதா?

அந்தக் கணக்கையும் இரட்டைக்குள் சேர்க்க வேண்டும். அப்போது புதிய கேள்விகளைக் கேட்கலாம். "காலையில் பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரம் லாரிகளை நிறுத்தினால், சூளைக்குக் கல் போதாமல் போகுமா? முதல் நாளே எவ்வளவு கல் சேர்த்து வைக்க வேண்டும்?" இரட்டை கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்!

"செலவு ஆகுமே" என்று சிலர் சொல்லலாம். ஆகும். ஆனால் இரட்டையால் நிலக்கரிச் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு ஊருக்கு வரட்டும். கருவிகளைப் பராமரிக்க ஆள் வேண்டும். அரியலூர், பெரம்பலூர் ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு அந்த வேலையைக் கற்றுக் கொடுக்கலாம்.

அளந்த கணக்கை அதிகாரிகள் மட்டும் பார்த்தால் போதாது. ரேஷன் கடைச் சுவரில், எளிய தமிழில், பெரிய எழுத்தில் தினமும் போட வேண்டும். இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய தாயும் அதைப் படிக்க வேண்டும். "இன்று தூசு அதிகம், ஏன்?" என்று அவள் கேட்க வேண்டும்.

நிலம் கொடுத்தது ஊர். தூசு சுமப்பதும் ஊர். ஆலையின் கணக்கில் ஊருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவதே நியாயம்!