ஊசி ஏற்றுமுன் கேட்கப்படாத கேள்வி

கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மண்மேடு சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியபோது, உயிர்களைப் பற்றியும் வீடுகளைப் பற்றியும் நாடு பேசியது. அங்கு மண்சரிவு அபாயம் உள்ளதெனத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்ததையும் பேசியது. ஆனால், உயிர் தப்பியவர்கள் உடுத்த துணியோடு வெளியேறியபோது நாளாந்தம் விழுங்கி வந்த மாத்திரைகளையும் கிளினிக் கொப்பிகளையும் விட்டுவிட்டே வந்திருப்பர் என்பதை அன்று எவரும் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது பதுளை மாவட்டம் மீண்டும் அதே அவலத்தைக் கண்டது. மீண்டும் முகாம்கள்; மீண்டும் மருந்தில்லாத நாட்கள்.

மலையக மக்களின் மருந்து திடீரென நின்றுபோவதற்கு மண்சரிவு மாத்திரம் காரணமல்ல. 2020இல் ஊரடங்கு கிளினிக்குக்குச் செல்லும் பாதைகளை அடைத்தது. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, மருந்துத் தேவையில் மிகப் பெரும் பகுதியை இறக்குமதியிலேயே தங்கியிருக்கும் இந்நாட்டின் அரச வைத்தியசாலைகளில் மருந்தகப் பலகணிகள் வெறுமையாயின. வெளியில் வாங்கிக்கொள்ளுமாறு துண்டு எழுதிக் கொடுத்தார்கள். நாட்சம்பளத்தில் வாழும் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி அந்தத் துண்டை என்ன செய்திருப்பாள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவ்வாறு மருந்து நின்றுபோன அதே மக்களிடந்தான், பெருந்தொற்றின்போதும் அனர்த்தங்களின் பின்னரும் தடுப்பூசி வந்து சேருகின்றது. நீண்டகாலம் உட்கொண்ட மருந்தை விட்டு, அதனால் ஏற்பட்ட உபாதையிலிருந்து தேறிவரும் ஒருவர் ஊசி ஏற்றிக்கொள்ளலாமா? சுகாதாரத் துறையினர் இவ்விடயத்தைப் போதியளவு தெளிவுபடுத்தாததால் வதந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுள்ளது என்பதே எமது கணிப்பு.

முதலில் மருந்தை விடுவதால் நேர்வது யாது என்று பார்ப்போம். டயஸிபாம், குளோனசிபாம் போன்ற உறக்கத்துக்கும் பதற்றத்துக்குமான மாத்திரைகளை மாதக்கணக்கில் உட்கொண்ட ஒருவர் அவற்றைச் சடுதியாக நிறுத்தினால் உறக்கம் கெடும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், வியர்த்துக் கொட்டும், சிலருக்கு வலிப்பும் ஏற்படலாம். மூளை அம்மருந்துக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டு விடுவதே இதற்குக் காரணம். ஆகவேதான் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், சிறுகச் சிறுக அளவைக் குறைக்க வேண்டுமென வைத்தியர்கள் வலியுறுத்துகின்றனர். மனச்சோர்வுக்கான மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்துவோருக்கும் தலைச்சுற்று, குமட்டல், எரிச்சல், காய்ச்சல் போன்ற அசதி என்பன வருவதுண்டு. வலிப்பு நோய்க்கான மருந்தைத் திடீரென விடுவதன் ஆபத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. இந்த உபாதைகளுக்கு உள்ளாகும் மனிதரை அயலார் 'நரம்புத் தளர்ச்சி' என்றோ 'பேய்க்கோளாறு' என்றோ ஒதுக்கிவிடுவது வேறொரு கொடுமை.

இனித் தடுப்பூசிக்கு வருவோம். மருந்தை விட்டுத் தேறிவருகின்றார் என்ற ஒரு காரணத்துக்காக எவருக்கும் கொவிட் தடுப்பூசியோ ஏற்புத் தடுப்பூசியோ மறுக்கப்பட வேண்டியதில்லை. முன்னர் ஏற்றிய அதே ஊசிக்கோ அதன் சேர்மானத்துக்கோ கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் தவிர்க்க வேண்டும். கடுங்காய்ச்சல் உள்ளவர்கள் சில நாட்கள் பிற்போட வேண்டும். இலங்கையில் கூடுதலாக ஏற்றப்பட்ட சினோபார்ம், செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அது உடலில் பெருகி நோயை உண்டாக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஊசியின் பின்னர் ஓரிரு நாட்கள் காய்ச்சல், உடல்வலி, தலைவலி, சோர்வு ஏற்படுவது வழமை. மருந்தை விட்டவருக்கோ ஏற்கெனவே நடுக்கமும் படபடப்பும் உறக்கமின்மையும் உள்ளன. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று வந்து விழும்போது அவர் எல்லாவற்றையும் ஊசியின் தலையிலேயே சுமத்துகின்றார். 'ஊசி போட்ட பிறகுதான் எனக்கு இப்படி' என்ற வார்த்தை மறுநாள் விடிவதற்குள் லயம் முழுவதும் பரவிவிடும். அவர் பொய் சொல்லவில்லை. அவர் அனுபவித்த வேதனை மெய்யே. காரணத்தை எடுத்துச் சொல்ல அவருடைய மொழியில் ஒருவரும் இருக்கவில்லை என்பதே குறை.

இதன் மறுபக்கமும் உண்டு. சாதாரண ஊசிக் காய்ச்சலென்று எண்ணி, உண்மையில் மருந்தை நிறுத்தியதால் வந்த கடும் உபாதையை வீட்டிலேயே பொறுத்துக்கொள்வோர் உளர். ஊசிக் காய்ச்சல் பொதுவாக ஓரிரு நாட்களில் தணிந்துவிடும். பெரசிட்டமோல் அதற்குப் போதுமானது. நாட்கள் கடந்தும் நடுக்கம் தணியாவிடின், குழப்பமான பேச்சோ வலிப்போ தோன்றின், அதனை ஊசியின் கணக்கில் எழுதிவிட்டுக் காத்திருத்தல் ஆகாது. 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்தாயினும் வைத்தியசாலையை அடைய வேண்டும். மருந்தளவைப் படிப்படியாகக் குறைத்து வருவோர், ஊசி ஏற்றும் வாரத்தில் மேலும் குறைக்காமல் இருந்த அளவிலேயே நிற்பது நல்லதா என்பதை வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது விவேகம். ஊசிக்காகவென்று பிரஷர் மாத்திரையையோ சீனி மாத்திரையையோ தாமாகவே நிறுத்திவிட்டு வரிசையில் நிற்பது முற்றிலும் தவறான காரியம்.

ஒரு மருந்தைப் பற்றி மாத்திரம் தனியே சொல்ல வேண்டியுள்ளது. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் மாத்திரை அது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ 14 நாட்களோ அதற்கு மேலோ உட்கொண்ட பெரியவர் ஒருவருக்கு, சின்னமுத்துத் தடுப்பூசி போன்ற உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகளை, மருந்தை நிறுத்தி ஒரு மாதமேனும் சென்ற பின்னரே ஏற்ற வேண்டும். அன்றியும், இம்மருந்தை நீண்டநாள் உட்கொண்டு சடுதியாக விட்டவரின் உடல், சாதாரண காய்ச்சலைத் தாங்குவதற்கான சுரப்பைக்கூடப் போதியளவு உண்டாக்க இயலாத நிலையில் இருக்கலாம். எனவே இவர் ஊசி ஏற்றுமுன் அதனை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும்.

சொல்வது யாரிடம், எந்த மொழியில் என்பதுதான் வினா. தோட்ட மருந்தகங்களின் பொறுப்பு கம்பனிகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் பல தசாப்தங்களாக இழுபட்டுக் கொண்டிருக்கின்றது. ஊவாவில் தமிழ் தெரிந்த சுகாதார உத்தியோகத்தர்கள் போதாமை புதிய முறைப்பாடு அன்று. ஒவ்வாமை உண்டா என்று சிங்களத்தில் கேட்கப்படும் கேள்விக்கு 'இல்லை' எனத் தலையசைத்து நகரும் மூதாட்டி, தான் கடந்த மாதம் விட்ட மாத்திரையைப் பற்றி எப்படிச் சொல்வாள்?

முஸ்லிம் சமூகத்தினிடையே வேறொரு காயமும் இருந்தது. கொவிட்டினால் இறந்தோரை அடக்கஞ் செய்யலாமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், 2020இலிருந்து 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளேயான பாலகனும் அதற்கு விலக்காகவில்லை. தகனத்தைக் கட்டாயமாக்கிய அதே சுகாதார அமைச்சு, 2021 ஜனவரி 29ஆம் திகதி தடுப்பூசித் திட்டத்தைத் தொடக்கியது. அத்தகைய நிலையில் தயங்கியோரைப் படிப்பறிவற்றோர் எனச் சாடியது நியாயமாகாது. 2024 ஜூலையில்தான் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வந்துவிட்டது; நம்பிக்கை அத்தனை விரைவில் வருமா என்பது ஐயமே.

நோன்பு காலத்தில் பகல்வேளை மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவோரும், ஊசி நோன்பை முறிக்குமோ என அஞ்சிப் பிற்போடுவோரும் பதுளை, பண்டாரவளை, வெலிமடை எங்கும் இருக்கக் கூடும். தசையில் ஏற்றப்படும் தடுப்பூசி நோன்பை முறிக்காதென உலமாக்கள் பலர் 2021இலேயே தெளிவுபடுத்தினர். நோயாளிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகையும் யாவரும் அறிந்ததே. மாத்திரை வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்பதை வைத்தியரிடம் நோன்புக்கு முன்னரே கேட்டறிய வேண்டும். மிம்பர் மேடைகளிலிருந்து இதனை ஒரு ஜும்ஆவில் நினைவூட்டினால் பலர் பயனடைவர்.

அதிகாரிகளிடம் நாம் கோருவது கோடிக்கணக்கில் செலவாகும் திட்டமன்று. தடுப்பூசிப் படிவத்தில், 'நாளாந்தம் குடிக்கும் மாத்திரை எது? அண்மையில் நிறுத்தியது எது, எப்போது?' என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்க்க வேண்டும். விடையைக் கேட்டு எழுதத் தமிழ் பேசும் ஒருவரை வரிசையின் தலைப்பில் அமர்த்த வேண்டும். மாத்திரைப் பெயர் தெரியாதவர்கள் வெற்று அட்டையையேனும் கொண்டுவர வேண்டுமென முதல்நாள் பிரட்டுக்களத்திலேயே அறிவிக்கலாம். ஊசியின் மறுநாள் காய்ச்சலில் கிடக்கும் தொழிலாளிக்கு அன்றைய பேரை வெட்டாமல் கொடுப்பதற்குத் தோட்ட நிர்வாகங்கள் உடன்பட வேண்டும். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்படும் பிரிவுகளில், குடும்ப அட்டையோடு கிளினிக் கொப்பியின் பிரதியொன்றையும் கிராம உத்தியோகத்தரிடமோ தோட்ட மருந்தகத்திலோ வைத்துப் பேணுவதற்கு அடுத்த மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.