தம்பி தோற்றிருந்தால் தப்பியிருக்குமா மதுரை?

1310இல் அரியணைப் போட்டியில் அண்ணன் சுந்தர பாண்டியன் ஒரே போரில் தம்பி வீர பாண்டியனை ஒழித்திருந்தால் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரையைத் தொட்டிருக்காது என்று கற்பனைக் கதை எழுதும் நண்பர் வாதிடுகிறார். ஏற்க முடியாது. வாரங்கலின் பிரதாபருத்திரனும் துவாரசமுத்திரத்தின் மூன்றாம் வல்லாளனும் பங்காளிச் சண்டையாலா பணிந்தார்கள்? அரியணை ஒருவர் கையில் இருந்தும் திறை கட்டினார்கள். 1311இல் மதுரை கொள்ளைபோனது உண்மை. ஆனால் வீர பாண்டியன் பிடிபடவில்லை. மழையும் துரத்தி வந்தவர்களைத் திணறடித்தது. எங்கள் அருப்புக்கோட்டைக் கரிசலில் ஒரு மழைக்கே வண்டிச் சக்கரம் அச்சுவரை புதையும். மாறாக, ஒற்றை அரசன் திறந்த வெளியில் நின்றிருந்தால் ஒரே நாளில் எல்லாம் முடிந்திருக்கலாம். நண்பரே, கதையைத் திருச்சுழியில், குண்டாற்றங்கரையில் தொடங்குங்கள். எந்த இளவரசன் வென்றாலும் குடியானவன் குதிர் என்னவாகும் என்று எழுதுங்கள்.