பெட்டிக்குள் உறங்கும் கைக்கடிகாரம்

நம் லயங்களில் பெரியவர் ஒருவர் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கலியாணச் சேலைக்கு அடியில், துணியில் சுற்றிய கைக்கடிகாரம் ஒன்று கிடக்கும். ஸீக்கோவோ டைட்டோனியோ, கூட்டுக் கட்டி வாங்கிய ஒமேகாவாகவேகூட இருக்கலாம். “ஏன் ஐயா கட்டுவதில்லை?” என்று கேட்டால், “வேலைக் காட்டில் கெட்டுப் போகும் தம்பி. நமக்கு எதற்கு அதெல்லாம்? மகன் கலியாணத்துக்குக் கட்டினால் போதும்” என்பார்.

இந்த விடையில் பாதி நியாயம். பால் வெட்டும் கை வியர்வையிலும் ஈரத்திலும் கிடக்கிற கை. தெறித்த பால் காய்ந்தால் இடுக்கெல்லாம் ரப்பராகவே ஒட்டிக்கொள்ளும். ஸ்டோரில் அமோனியா, பார்மிக் அமிலம். தோல் வார் எத்தனை நாள் தாங்கும்? பாடுபட்டுச் சேர்த்த காசை மரத்தடியில் பாழாக்கு என்று எவன் சொல்வான்?

ஆனால் அந்த “நமக்கு எதற்கு” இருக்கிறதே, அதைத்தான் நான் ஒப்பமாட்டேன். நேரம் நிர்வாகத்தின் சொத்து என்று தலைமுறை தலைமுறையாக நம்பியதன் விளைவு அது. பெரட்டு மணி கேட்டு எழுந்தோம். தண்டல் சொன்ன பிறகு வாளியை இறக்கினோம். கிராணி மணிக்கட்டில் மின்னினால் பதவியாம். வெட்டுக்காரர் மணிக்கட்டில் மின்னினால் திமிராம்! இப்படிப் பேசும் நாக்கு நம் லயங்களிலேயே உண்டு. துரைமாரை மட்டும் குறை சொல்ல வேண்டாம்.

மேலே இருப்பவர்கள் வைத்ததுதான் மணி என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. 1942இல் ஜப்பானியர் தோக்கியோ நேரத்தைக் கொண்டுவந்தனர். மலாயாக் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னே போயிற்று. 1945இல் பழைய நேரம் திரும்பியது. 1982 ஜனவரி முதல் தேதி, சபா சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்தள்ளப்பட்டது. ரப்பர் மரம் இதையெல்லாம் கண்டதா? வெயில் ஏறுமுன் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும்போது பால் நன்றாக ஓடும். ஏறிய பின் குறையும். மரத்துக்குச் சூரியன் கடிகாரம். கூலிக்கோ செக்ரோல்தான் கடிகாரம். அதை எழுதுகிறவன் நான். தாளில் ஏறிய மணிக்குத்தான் காசு. ஏறாத மணி காற்றோடு போகும்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து வாரத்துக்கு 48 மணி என்ற உச்சவரம்பு 45 மணியாகக் குறைந்தது. நாளுக்கு 8 மணி. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடையே 30 நிமிடமாவது ஓய்வு வேண்டும். வழக்கமான நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு மணிக்கூலியில் ஒன்றரை மடங்கு. இத்தனையும் மணியும் நிமிடமும் அன்றி வேறென்ன? மழையால் வெட்டுத் தாமதித்து, நிறுவைக்குக் காத்துக் கிடந்த நாளைப் பற்றித் தொழிலாளர் இலாகாவில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். “உச்சி வெயில் அடித்தது” என்று சொன்னால் எழுதிக்கொள்வார்களா? “2.50க்கு நிறுவை முடிந்தது” என்று சொன்னால் அதற்கு மதிப்பு உண்டு.

பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டி வைத்தாலும் கடிகாரம் பத்திரமாக இருப்பதில்லை. கை அசைவில் ஓடும் கடிகாரம் கழற்றி வைத்த இரண்டு நாளில் நின்றுவிடும். வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும். மகன் கலியாணத்தன்று எடுத்துக் கட்டினால் முள் நகராது.

வேலைக் காட்டுக்கு விலை மலிந்த பிளாஸ்டிக் கடிகாரம் போதும். நல்லதைச் சங்கக் கூட்டத்துக்கும், இலாகாவுக்கும், கோயிலுக்கும் கட்டிக்கொண்டு போங்கள். சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். பெரட்டு எத்தனை மணி, நிறுவை முடிந்தது எத்தனை மணி என்று அன்றன்றே பென்சிலால் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் கிளைத் தலைவரோடு ஆபீசுக்கு வாருங்கள். உங்கள் நோட்டையும் எங்கள் செக்ரோலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.