ஐந்து அமைச்சகங்களும் ஆளில்லா முடிவுகளும்

ஒடிசாவின் தால்சேரில் வெட்டப்படும் நிலக்கரி வடசென்னை அனல்மின் நிலையத்தை வந்தடையும் வழி எளிதானது. பாரதீப் துறைமுகம் வரை சரக்கு ரயில்; அங்கிருந்து எண்ணூர் வரை கப்பல்; பின்னர் கன்வேயர். ரயில் கட்டணத்தை ரயில்வே அமைச்சகம் வகுக்கிறது. துறைமுகமும் கப்பலும் வேறோர் அமைச்சகத்தின் பொறுப்பு. அதே நிலக்கரியைத் தரைவழியே நெடுந்தூரம் இழுத்துச் சென்றால் ரயில்வேக்கு வருவாய் கூடும். பாரதீப்பில் இறக்கிக் கப்பலேற்றினால் குறையும். எவ்வழி நாட்டுக்கு ஆதாயம் எனக் கணக்கிட்டு முடிவெடுக்கக் கடமைப்பட்ட அலுவலகம் தில்லியில் எது? அப்படி ஒன்று இல்லை.

ரயில், சாலை, கப்பல், விமானம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் அமைச்சகம்; மெட்ரோ ரயிலோ வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகத்தின் கீழ். ரயில் விபத்துகளை ஆராயும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் இருப்பது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தில்! ரயிலை ஓட்டுபவரே விபத்தை விசாரிக்கலாகாது என்னும் நல்ல நெறியின் விளைவு அது. தனக்கென இடமில்லாமல் அந்நெறி அயல்வீட்டில் ஒண்டுக்குடித்தனம் நடத்துகிறது. சாலைக்கு அந்த ஒண்டுக்குடித்தனமும் வாய்க்கவில்லை. 2022இல் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்பது சாலை அமைச்சகத்தின் சொந்தக் கணக்கு. விபத்து நேர்ந்தால் காவல் நிலையத்தில் ஓட்டுநர்மீது வழக்குப் பதிவாகிறது. அவ்வளைவை வரைந்தவர் யார், அவ்விடத்தில் நடைமேம்பாலம் ஏன் இல்லை என்ற வினாக்கள் எழுவது அரிது.

ஒருங்கிணைப்புக்கு 2021இல் தொடங்கிய ‘கதி சக்தி’ திட்டம் போதுமே என்பார் உளர். அத்திட்டம் பல துறைகளின் பணிகளை ஒரே வரைபடத்தில் காட்டுகிறது, பயனுள்ளதே. ஆனால் வரைபடம் தீர்ப்பு வழங்காது. தில்லிக்கும் மும்பைக்கும் இடையே ஓர் அமைச்சகம் விரைவுச்சாலை அமைக்கிறது. மற்றோர் அமைச்சகம் ஏறக்குறைய அதே திசையில் மேற்குச் சரக்கு ரயில் தடத்தை அமைக்கிறது. இரண்டும் தேவையாகவே இருக்கலாம். எதற்கு எவ்வளவு சரக்கு, எதற்கு முதலில் நிதி என்ற வினாவை எவர் முன்வைத்தார் என்பதே கேள்வி. விடுதலைக்குப் பின் சரக்கின் பெரும்பங்கைச் சுமந்த ரயில் இன்று மூன்றில் ஒரு பங்குகூடச் சுமக்கவில்லை. இச்சரிவு எந்த அமைச்சரவைக் கூட்டத்திலும் முடிவு செய்யப்பட்டதன்று. தனித்தனி முடிவுகளின் கூட்டுத்தொகையாக வந்து சேர்ந்தது. ராகேஷ் மோகன் தலைமையிலான தேசியப் போக்குவரத்து மேம்பாட்டுக் கொள்கைக் குழு ஒன்றுபட்ட போக்குவரத்து அமைச்சகத்தைப் பரிந்துரைத்தது 2014இல். அறிக்கை நூலகத்தில் இருக்கிறது. ஆய்வேடுகளில் மேற்கோளாகவும் இருக்கிறது.

1985இல் ராஜீவ் காந்தி அரசு ரயில், விமானம், தரைவழி ஆகியவற்றை ஒரே போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்து, மறு ஆண்டே பிரித்துவிட்டது. இணைப்பை எதிர்ப்போர் தவறாமல் நீட்டும் சான்று இது. அன்று பெயர்ப்பலகை ஒன்றானது. ரயில்வே வாரியமும் 1924 முதல் வந்த தனி ரயில்வே பட்ஜெட்டும் அப்படியே நின்றன. பணப்பை தனியாக இருக்கையில் அதைக் குடும்பம் என்பது எங்ஙனம்? 2017இல் அத்தனி பட்ஜெட்டும் பொது பட்ஜெட்டில் கரைந்துவிட்டது. சீனாவும் 2013இல் ரயில்வே அமைச்சகத்தைக் கலைத்தது; நிர்வாகப் பணிகள் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் வணிகம் தனி நிறுவனத்துக்கும் சென்றன. அமெரிக்காவில் 1967இல் இயங்கத் தொடங்கிய போக்குவரத்துத் துறையோடு பிறந்த விபத்து விசாரணை வாரியம் 1975இல் அத்துறையினின்று முற்றிலும் விடுவிக்கப்பட்டது. இந்தியா கற்க வேண்டியது துறையை இணைப்பதை மட்டுமன்று, விசாரணையை அதிலிருந்து பிரிப்பதையும்தான்.

மாநில உரிமை பற்றிய அச்சம் மட்டுமே செவிகொடுக்கத் தக்க மறுப்பு. அதிகாரம் ஒரிடத்தில் குவிந்தால் மாநிலங்கள் மனுதாரர்களாகிவிடும் என்பது வீண் ஐயமன்று. ஆனால் ரயிலும் தேசிய நெடுஞ்சாலையும் முன்பே ஒன்றியப் பட்டியலில் உள்ளவை. பிற சாலைகள் மாநிலப் பட்டியலில், மோட்டார் வாகனங்கள் பொதுப் பட்டியலில். ஒன்றியம் தன் கையில் ஏற்கெனவே உள்ளவற்றை மட்டும் ஒன்று சேர்த்தால் மாநிலத்திடமிருந்து ஓரணுவும் பறிபோகாது. மெட்ரோவையோ புதிய துறைக்குள் இழுக்கவே வேண்டியதில்லை. நகரப் பேருந்தை ஓட்டும் மாநிலத்திடமே மெட்ரோவைத் திட்டமிடும் முடிவும் அதற்கான ஒன்றிய நிதியும் நேரடியாகச் சேரட்டும். ஐந்தாவது அமைச்சகத்துக்கு அதில் வேலையில்லை.