ழகரத்துக்கு இடமில்லாத கீபோர்டு

பட்டன் வைத்த ஸ்மார்ட்போனுக்கு ஆயுள் கெட்டி. சொந்தமாக போன் தயாரிப்பதை பிளாக்பெரி 2016-இல் கைவிட்டது. அதன் பெயரில் வேறு நிறுவனங்கள் தயாரித்த கீஒன், 2017-இல் 39,990 ரூபாய் விலையில் இந்தியாவுக்கும் வந்தது, எடுபடவில்லை. 2022 ஜனவரி 4-ஆம் தேதியோடு பழைய பிளாக்பெரி போன்களுக்கான சேவைகளும் நின்றுபோயின. கதை முடிந்தது என்று பார்த்தால், சீனாவின் யூனிஹெர்ட்ஸ் நிறுவனம் கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் திரட்டி 2025-இல் டைட்டன் 2 என்ற பட்டன் போனைக் கொண்டுவந்துவிட்டது. ஏங்கிக் கிடந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்!

கையில் எடுத்ததும் உறைப்பது அதன் அகலம்தான். 4.5 அங்குலத் திரை, சரியான சதுரம். 2014-இல் வந்த பிளாக்பெரி பாஸ்போர்ட்டின் அதே அளவு, அதே 1440க்கு 1440 புள்ளிகள். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஒரு கையில் அடங்காது. திரைக்குக் கீழே வரிசையாகப் பட்டன்கள். அழுத்தினால் எழுத்து விழுந்துவிட்டது என்று கட்டைவிரலுக்கே தெரிகிறது; கண்ணாடித் திரை தராத நிம்மதி இது. வேகம் மட்டும் உடனே வந்துவிடாது. கண்ணாடியில் வழுக்கிப் பழகிய விரல், பட்டனை அழுத்தச் சிரமப்படும். அந்தப் பட்டன்களின் மேலேயே விரலைத் தேய்த்தால் பக்கம் நகர்கிறது. படிக்கும்போது விரல் வரிகளை மறைப்பதில்லை என்பதால், நீளக் கட்டுரை படிப்பவர்கள் இதை விரும்புவார்கள்.

சினிமா பார்க்கிறவர்கள் விரும்ப மாட்டார்கள். அகலத்திரைக் காட்சி இந்தச் சதுரத்தில் ஏறக்குறைய பாதிதான் நிறையும். மிச்சமெல்லாம் மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

இதெல்லாம் எந்த நாட்டு விமர்சகரும் சொல்லக்கூடியதே. தமிழில் எழுதுகிறவருக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசு 1999-இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகைக்கு, 12 உயிரும் 18 மெய்யும் ஆய்தமுமாக 31 பட்டன் வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 போதும். கணினியில் மீதி ஐந்தும் நிறுத்தற்குறிப் பட்டன்களில் குடியேறின: சதுர அடைப்புகளில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, மேற்கோள் குறியில் ய, சாய்கோட்டில் ழ. போன் கீபோர்டில் அந்தக் குறிகளுக்குத் தனிப் பட்டனே கிடையாது. ஆக, தமிழ்99 பழகியவர் இந்த போனில் ‘தமிழ்’ என்று அடிக்கவே இன்னொரு பட்டனையும் சேர்த்து அமுக்கித் தடுமாற வேண்டும். ஒலிபெயர்ப்பு வழி ஒன்று உண்டு. அஞ்சல் என்னும் அந்த முறையில் இசட் தட்டினால் ழ வரும். ஆனால் பட்டன்மேல் அச்சிட்டிருப்பது ஆங்கில எழுத்துதான். தமிழை மனக்கணக்காகவே அடிக்க வேண்டும்.

2007 ஜனவரி 9 அன்று ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், பட்டன் போன்கள்மேல் வைத்த குற்றச்சாட்டே இதுதான்: தேவையோ இல்லையோ, பிளாஸ்டிக்கில் பதித்த பட்டன் மாறாது. அவர் தமிழை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த வாதம் நமக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. கண்ணாடித் திரையில் செல்லினம் போன்ற செயலி 31 எழுத்துக்கும் இடம் ஒதுக்கிவிடுகிறது. அஞ்சல் பழகியவர் அதே செயலியில் அஞ்சலுக்கு மாறிக்கொள்ளலாம். பட்டனுக்கு அந்த நெளிவுசுளிவு ஏது?

நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறவர், வீடியோவைக் குறைக்க நினைக்கிறவர் தாராளமாக வாங்கலாம். வாட்ஸ்அப்பிலும் வேலையிலும் தமிழே அடிக்கிறவருக்கு இது இரண்டாவது போனாக வேண்டுமானால் சரி. முதல் போனாக வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் எந்தப் பட்டனில் இருக்கின்றன?