வீட்டுக்கு முன் காணி உறுதி

2025 ஒக்டோபர் 12ஆம் திகதி பண்டாரவளையில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் தலைமையில் 2,000 மலையகக் குடும்பங்களுக்கு வீட்டுரிமை ஆவணங்கள் வழங்கப்பட்டன. இந்திய உதவியோடு கட்டப்படவிருக்கும் 10,000 வீடுகளில் ஒரு பகுதி அது. அந்த 10,000 வீடுகளை நரேந்திர மோடி நோர்வூட் மைதானத்தில் அறிவித்தது 2017 மே மாதத்தில். அறிவிப்புக்கும் ஆவணத்துக்கும் நடுவே எட்டு ஆண்டுகள் கழிந்தது வேதனைதான். ஆனால் பணத் தட்டுப்பாட்டை மட்டும் குறை சொன்னால் நோயின் வேர் தப்பிவிடும். யாருடைய காணி, எந்தச் சரிவு, எந்தச் சபையின் பொறுப்பு என்ற மூன்றையும் தீர்க்காமல் சுவர் எழுப்பப் பார்ப்பதால்தான் ஊவாவின் தோட்டக் குடியிருப்புகள் இன்னும் ஊராகவில்லை. அந்த மூன்றிலும் முதலாவது காணி உறுதி.

லயக் காம்பரா குடும்பத்துக்காகக் கட்டப்பட்டதல்ல, வேலைக்காகக் கட்டப்பட்டது. 1970களின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. இத்தனை கைமாறியும் தொழிலாளியின் நிலை மாறவில்லை. காணி அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, லயத்தில் இருப்பவருக்கு உள்ளதெல்லாம் தங்கியிருக்கும் அனுமதி. இதன் விளைவு வெறும் மனக்குறை அல்ல, கணக்கில் வரும் நட்டம். பசறையிலும் மடுல்சீமையிலும் பெற்றோர் கொழுந்து பறிக்க, பிள்ளைகள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் உழைக்கிறார்கள். அனுப்பும் பணத்தை வீட்டில் போட நினைத்தால், அது தங்கள் வீடல்ல. வங்கியில் கடன் கேட்டால் ஈடு வைக்க உறுதி இல்லை. ஒரு அறையைக் கூட்டிக் கட்டவும் துரையின் சம்மதம் வேண்டும். சொந்த உழைப்பால் தன் வீட்டைத் திருத்தும் வழியை அடைத்துவிட்டு, அந்த மக்கள் அரசின் கையையும் அயல்நாட்டின் கையையும் எதிர்பார்ப்பதாகச் சொல்வது பெரிய அநீதி.

காணியைப் பிரித்துக் கொடுத்தால் தேயிலை என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாட்டில் அது தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். 2015இல் முடிவான 7 பேர்ச்சஸ் அளவில் ஏக்கருக்கு 22 வீடுகள் வரும்; பின்னர் பேசப்பட்ட 10 பேர்ச்சஸ் அளவில் 16. பெரிய அளவையே எடுத்தாலும் 10,000 வீடுகளுக்கு 625 ஏக்கர் போதும். பாதைக்கும் வடிகாலுக்கும் பிள்ளைகள் விளையாடவும் அதை இரட்டிப்பாக்கினால் 1,250 ஏக்கர். நாட்டில் தேயிலை நிற்கும் நிலமோ ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹெக்டேயர், அதாவது ஐந்து இலட்சம் ஏக்கர். நூற்றுக்குக் கால் பங்குக்காகத் தேயிலை சாய்ந்துவிடாது. காடாகிப்போன மலைகள் பல தோட்டங்களில் கிடக்கும்போது பச்சைத் தேயிலையைப் பிடுங்க வேண்டிய தேவையும் அதிகம் இல்லை.

உறுதி கிடைத்தால் ஆட்கள் தோட்ட வேலையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற அச்சத்தைக் கம்பனிகள் வெளிப்படையாகச் சொல்வது குறைவு. உறுதி இல்லாமலே இளைஞர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதே அதற்குப் பதில். இருப்பவர்களைக் கூலியும் மரியாதையும்தான் நிறுத்தும். கூரையைப் பணயமாக வைத்து ஆள் பிடிப்பது தோட்டம் திறந்த காலத்து முறை. அதை இந்த நூற்றாண்டில் நியாயப்படுத்த முடியாது.

அடுத்தது சபையின் பொறுப்பு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைக்கும் சட்டம் வந்தது. ஆக, ஹாலி-எலவிலோ ஹல்துமுல்லையிலோ தோட்டப் பாதைக்குக் கல் போடச் சட்டம் இடங்கொடுக்கவில்லை என்ற பழைய சாட்டு இனிச் செல்லாது. வாக்குக் கேட்க ஏறிப்போன லயத்துக்குக் குப்பை வண்டியும் தெருவிளக்கும் ஏறிப்போகத்தான் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி வேண்டும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தோட்டக் கந்தோரில் தங்கிவிடக் கூடாது.

சரிவைப் பற்றிய எதிர்வாதம்தான் எல்லாவற்றிலும் கனமானது. பதுளை மாவட்டத்தில் பாதுகாப்பான நிலம் உண்மையிலேயே அரிது. அதனால்தான் நிலத்தை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும் என்கிறேன். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போவதற்கு இடம் கொடுக்கப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடியது. தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காத்திருந்து, 2016இல்தான் மக்கல்தெனியவில் கட்டப்பட்ட 75 வீடுகளுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மண்சரிவு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல். ஒவ்வொரு முறையும் அழிவுக்குப் பிறகே காணி தேடுகிறோம். அபாய வலயங்களின் வரைபடங்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கின்றன. அவற்றை வைத்துக்கொண்டு பிரதேச செயலகப் பிரிவு வாரியாகப் பாதுகாப்பான காணிகளின் பட்டியலை மாவட்டச் செயலகம் வெளியிடட்டும். அந்தத் துண்டுகளைக் குத்தகையிலிருந்து விடுவித்து, அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் காணிப் பதிவகத்தில் பதியட்டும். ஒக்டோபரில் மழை பிடிக்குமுன், அபாய வலயத்து லயங்களில் இருப்பவர்களுக்கு முதல் உறுதிகள் கொடுக்கப்பட வேண்டும்.